இரண்டாவது கையெழுத்து

போன வாரம் உங்கள் பயிற்சி வகுப்பில் என்னை அறிமுகம் செய்த அதிகாரி, "தர ஆய்வில் முப்பது வருஷ அனுபவம் உள்ளவர்" என்றார். நீங்களும் பலமாகக் கை தட்டினீர்கள். அந்தக் கணக்கு கொஞ்சம் உதைக்கிறது. முப்பதில் ஒன்பது பத்து மாதம் நான் வேலைக்கே வரவில்லை. வேறு சில மாதங்கள் வந்திருக்கவே கூடாது. இரண்டையும் கழித்துவிட்டு மீதியை வேண்டுமானால் அனுபவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மைக் முன்னால் நின்றபோது இதைச் சொல்லத்தான் நினைத்தேன். தைரியம் வரவில்லை. வடையும் சாயும் ஆறிப்போகும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டேன். கூட்டம் கலைந்தபின் உங்களில் ஒருவர் தனியாக வந்து, "சார், ப்ரஷர்ல நீங்க எப்பவாச்சும் தப்பா முடிவு எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து கோமதியிடம் சொன்னேன். கோமதி என் மனைவி. புனே பக்கம் நிக்டியில் இருபத்தைந்து வருடம் இருந்தும் திருநெல்வேலிப் பேச்சில் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்காதவள்.

"எழுதிக் குடுங்க. பேசுனா உங்கள நீங்களே பெரிய ஆளாக்கிருவீங்க. எழுதுனா நான் வாசிச்சுப் பாத்து வெட்ட வேண்டியத வெட்டுதேன்" என்றாள். ஆகவே இது இரண்டு பேர் சரிபார்த்த பிரதி. நன்றாக இருந்த இரண்டு பத்திகளை அவள் வெட்டிவிட்டாள் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

என் விஷயம் இதுதான். எனக்கு பைபோலார். நான் முதலில் படுத்தபோது டாக்டர்கள் வேறு பெயர் சொன்னார்கள், இப்போது இப்படிச் சொல்கிறார்கள். சில வாரங்கள் மனசு கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போகும். பிறகு சில மாதங்கள் தரையோடு தரையாகக் கிடக்கும். நடுவில் ஒழுங்கான மனிதனாக இருப்பேன், அதுதான் அதிக காலம். கோமதி ஒப்புக்கொள்ள மாட்டாள்.

இனி சிவப்புச் சீட்டு. நீங்கள் முதல் நாளே படித்திருப்பீர்கள், ஆனாலும் சொல்கிறேன். பீஸ் சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு. சந்தேகம் வந்தால் சிவப்புச் சீட்டு, அதாவது ஹோல்டு. ஹோல்டு என்றால் தள்ளுபடி இல்லை. கொஞ்சம் நில், அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று அர்த்தம். அந்தச் சீட்டின் அடியில் மூன்று கட்டம் இருக்கும்: ஏற்கலாம், தள்ளலாம், விலகலோடு ஏற்கலாம். மூன்றாவதுதான் சங்கடமானது. பீஸ் வரைபடத்தில் உள்ளபடி இல்லை, ஆனால் இன்ன கவனத்தோடு பயன்படுத்தினால் வேலை செய்யும் என்று தெரிந்தே எடுத்துக்கொள்வது. அதற்கு மட்டும் இரண்டு கையெழுத்து வேண்டும். எதுவரை செல்லும் என்றும் எழுத வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், சிஞ்ச்வட் பக்கம், லாரிகளுக்கு இரும்பு வார்ப்புகள் செய்கிற தொழிற்சாலையில் நான் ஆய்வுப் பிரிவுப் பொறுப்பாளர். ஆகஸ்ட் கடைசியில் எனக்குத் தூக்கம் தேவைப்படாமல் போனது. தூக்கம் வரவில்லை என்று நினைக்காதீர்கள், தேவைப்படவில்லை. ஒரு மணி நேரம் படுத்து எழுந்தால் குளித்துப் பூசின மாதிரி இருந்தது. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மராத்தி சரளமாக வந்தது. அதற்கு முன் பத்து வருடமாகக் காய்கறிக்காரரிடம் விரலைக் காட்டித்தான் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது பஸ்ஸில் பக்கத்து சீட்காரரின் மராத்தியில் இலக்கணப் பிழை கண்டுபிடித்தேன்.

அந்தப் பளிச்சில் ஒரு வெள்ளிக்கிழமை காலை எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. நாங்கள் அளக்கிற கருவி எல்லாமே தப்பு, ஆகவே அளந்தது எல்லாமே தப்பு. உடனே கிடங்குக்குப் போய்ச் சிவப்புச் சீட்டு கட்ட ஆரம்பித்தேன். பெட்டி பெட்டியாகக் கட்டினேன். சீட்டு தீர்ந்துபோனது. கணபதி விழா சமயம், தொழிலாளர்கள் மண்டப அலங்காரத்துக்குச் சிவப்புக் காகிதம் வாங்கி வைத்திருந்தார்கள். அதை எடுத்துக் கத்தரித்துச் சீட்டாக்கினேன். மதியத்துக்குள் காவலாளியின் சைக்கிள், கேன்டீன் பாத்திரங்கள், பொது மேலாளரின் கார் எல்லாம் ஹோல்டில் இருந்தன. பிள்ளையாருக்கு முன்னால் வைத்திருந்த மோதகத் தட்டிலும் ஒன்று கட்டியிருந்தேன். காரணம் என்ற இடத்தில், "உருவ அளவு சீராக இல்லை" என்று எழுதியிருந்தேன். உண்மையும் அதுதான், ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் அதில்லை.

மோதகம்தான் ஆளைக் காட்டிக்கொடுத்தது. மற்றதையெல்லாம் ஏதோ புதிய தரத் திட்டம் என்று நினைத்திருந்தார்களாம். என் கீழே வேலை பார்த்த செல்வம்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தான். தாபோடியில் பிறந்து வளர்ந்தவன், அப்பா ராணுவப் பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்தவர். அவன் தமிழில் பாதி இந்தி, கால் மராத்தி.

"சார், டென்ஷன் நக்கோ. நீங்க பைட்டுங்க. பாபியைக் கூப்பிட்டிருக்கேன், வருவாங்க" என்றான். பைட்டுங்க என்றால் உட்காருங்கள், பாபி என்றது கோமதியை. நான் அவன் சட்டைப் பையிலும் ஒரு சீட்டைக் கட்டினேன்.

ஆறு வாரம் ஆஸ்பத்திரி. பிறகு மூன்று மாதம் வீட்டுச் சுவர். கூரையிலிருந்து தரைக்கு விழுந்த காலம் அது, அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எதுவுமில்லை. பல் தேய்க்க எழுந்திருப்பதே பெரிய வேலையாக இருந்தது. தொழிற்சாலை முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று ஒவ்வொரு நாளும் நினைத்து அழுதேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

திரும்பிப் போனபோது யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. என் கையெழுத்து அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள். பார்க்கலாம், தொடலாம், எழுதலாம், கையெழுத்துப் போடக் கூடாது. நம் பிரிவில் கையெழுத்து இல்லாத ஆள் நாற்காலிக்குச் சமம். என்னை பர்வே மேடம் அறையில் உட்கார வைத்தார்கள். அளவுக் கருவி அறையும் ஆய்வகமும் அவர் பொறுப்பு. ஒடிசலான உருவம், மூக்கில் கண்ணாடி, குரல் மட்டும் பெரிசு. புனேயில் தமிழ்நாட்டுக்காரன் எல்லாருமே "அண்ணா"தான், இட்லிக் கடைக்காரரிலிருந்து விஞ்ஞானி வரை. அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அவர் மராத்தியில் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாள் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பெரிய கட்டை எடுத்து வைத்தார். நான் கட்டின சிவப்புச் சீட்டுகள், அலங்காரக் காகிதம் உட்பட.

"எதுக்கு மேடம் இதை வெச்சிருக்கீங்க? கிழிச்சுப் போட்டிருக்கலாமே."

"திருப்பிப் பாருங்க, அண்ணா."

ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் அவருடைய பொடி எழுத்தில் அளவு இருந்தது. அளந்து பார்த்த தேதி, கையெழுத்து.

"உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்கே எல்லாத்தையும் அவிழ்க்கச் சொன்னாங்க. ஹோல்டு சீட்டை யாரு கட்டினாலும் அளக்காம அவிழ்க்கக் கூடாது, அது விதின்னு சொன்னேன். மூணு நாள் ஆச்சு. என்னைத் திட்டாத ஆளில்லை."

"எத்தனை தப்பு இருந்துச்சு?"

"ஒண்ணுகூட இல்லை. எல்லாம் சுத்தம்."

"மோதகம்?"

"அதை அளக்கலை. சாப்பிட்டுட்டோம்."

நான்கு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். பைத்தியம் கட்டின சீட்டு என்று அவர் தூக்கிப் போடவில்லை. சீட்டைச் சீட்டாகவே மதித்து, அளந்து, சீட்டுதான் தப்பு என்று எழுதி வைத்தார். என் தவற்றை இவ்வளவு மரியாதையோடு யாரும் நிரூபித்ததில்லை.

கையெழுத்து திரும்பக் கிடைக்க ஒன்றரை வருடம் ஆனது. அதற்கிடையில் நான் பண்ணிய இன்னொரு கூத்தைச் சொல்ல வேண்டும். நன்றாக இருக்கிறோமே, மாத்திரை எதற்கு என்று நானாகவே நிறுத்தினேன். இந்த நோய் உள்ளவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது கண்டுபிடிக்கிற மகத்தான யோசனை இது. மூன்றாவது வாரம் ஒரு ரிக்‌ஷா நிறைய ஏழு பிரஷர் குக்கரோடு வீட்டுக்கு வந்தேன். கோமதி வாசலில் நின்று எண்ணினாள்.

"ஏழு எதுக்கு?"

"வாரத்துக்கு ஏழு நாள்ல?"

அவள் ரிக்‌ஷாவை நிறுத்தி, என்னையும் குக்கர்களையும் அப்படியே திருப்பி அனுப்பினாள். குக்கர்கள் கடைக்கு, நான் டாக்டரிடம். அவளும் ஏறிக்கொண்டாள்.

டாக்டர் பெயரைச் சொல்லப் போவதில்லை, அவருக்கும் பிடிக்காது. ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்க வேண்டும் என்று தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். "இதுக்குக் கீழே போனா வேலை செய்யாது, இதுக்கு மேலே போனா விஷம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கணும்" என்றார். அட, இது நம்ம அளவுக் கருவிக்குப் பண்ணுகிற வேலைதானே என்று எனக்கு உறைத்தது. கருவி வெட்கப்படுவதில்லையே. அன்றிலிருந்து மாத்திரையை விட்டதில்லை.

அவர்தான் சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் அனுப்பினார். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பத்துப் பன்னிரண்டு பேர், என்னைப் போன்றவர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும். நான் முதல் நாள் அட்டையும் பேனாவுமாகப் போனேன், தணிக்கைக்கு வந்தவன் மாதிரி. அங்கே ஒரு வழக்கம் உண்டு. பெயர் சொல்வதற்கு முன்னால் நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று சொல்ல வேண்டும். என் முறை வந்தது. "ஏழு" என்றேன். ராணுவத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் டப்பாவிலிருந்து போஹா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே, "முதல் நாள் எல்லாரும் ஏழுதான் சொல்லுவாங்க. அடுத்த வாரம் நிஜத்தைச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த வாரம் நிஜத்தைச் சொன்னேன். பத்து வருடத்துக்கு மேல் அந்தக் கூட்டத்துக்குப் போனேன். பெரிய தத்துவம் ஒன்றும் அங்கே பேசுவதில்லை. வங்கியில் காசாளராக இருந்த பெண் ஒருத்தி, தனக்கு மனசு மேலே போகும் காலத்தில் புடவைக் கடை பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி மற்றவர்களிடம் சொல்லி வைத்திருப்பாள். நான் என் மராத்தியைப் பற்றிச் சொல்லி வைத்தேன். "இவருக்கு மராத்தி சரளமா வந்தா வீட்டுக்குச் சொல்லுங்க" என்பது அங்கே ஒரு தீர்மானமாகவே நிறைவேறியது. அப்படி விழுந்து விழுந்து சிரிக்க எனக்கு வேறு இடம் இருந்ததில்லை.

அங்கே கற்றதைத் தொழிற்சாலைக்கும் கொண்டுபோனேன். கையெழுத்து திரும்ப வந்த அன்று நானே எழுதிக் கொடுத்தேன்: என் பெரிய முடிவு எதுவாக இருந்தாலும், சரக்கை நிறுத்துவதோ விடுவதோ, பக்கத்தில் செல்வமோ பர்வே மேடமோ இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு ராத்திரி தொடர்ந்து நான் சரியாகத் தூங்காவிட்டால் கோமதி செல்வத்துக்குச் சொல்லிவிடுவாள். மேலே இருந்தவர்களுக்கு ஆச்சரியம். தன் அதிகாரத்தைத் தானே பாதியாக்கிக்கொள்கிற அதிகாரியை அவர்கள் பார்த்ததில்லை. இதற்கே பழைய நோய் திரும்பிவிட்டதோ என்று ஒருவர் சந்தேகப்பட்டாராம்.

இப்போது நீங்கள் கேட்ட அழுத்தத்துக்கு வருகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்களை ரஞ்சன்காவ் புதுத் தொழிற்சாலைக்கு மாற்றினார்கள். விடியலில் நிக்டியில் கம்பெனி பஸ் ஏற வேண்டும். செல்வம், பர்வே மேடம், நான் மூன்று பேரும் ஒரே வண்டியில் போவோம். புது ஆலை மேலாளர் நல்ல கெட்டிக்காரர், நாற்பதுகூட ஆகவில்லை. என் கோப்பைப் படித்திருந்தார்.

அன்று காலை லாரி ஸ்டியரிங்கைத் தாங்குகிற பிராக்கெட் முந்நூறு, வாசலில் வண்டியில் ஏறத் தயாராக இருந்தன. அவை போய்ச் சேராவிட்டால் வாடிக்கையாளர் ஆலையில் வேலை நிற்கும். அளவெல்லாம் கச்சிதம். நான் பழக்கதோஷத்தில் ஒன்றை எடுத்துச் சின்னச் சுத்தியலால் தட்டினேன். நல்ல வார்ப்பு மணி மாதிரி ஒலிக்கும். இது மொத்தென்றது. இன்னொன்றைத் தட்டினேன், ஒலித்தது. மூன்றாவது மறுபடி மொத். உள்ளே இரும்பு சரியாக அமையவில்லை என்று என் காது சொன்னது. அந்தப் பிராக்கெட் கண்டாலா மலை இறக்கத்தில் உடைந்தால் ஓட்டுகிறவன் பிழைக்க மாட்டான். சிவப்புச் சீட்டைக் கட்டினேன்.

மேலாளர் வந்தார். "அளவு சரியா இருக்கே. எதை வெச்சு ஹோல்டு?"

"சத்தம் சரியில்லை சார்."

அவரும் ஒன்றைத் தட்டிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்களும் தட்டினார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மற்றவர்களுக்குக் கேட்காத சத்தம் எனக்குக் கேட்கிறது. அந்த இடத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அவர் என்னை இரண்டடி தள்ளி அழைத்துப்போய் மெதுவாகக் கேட்டார். "இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?"

மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நான் கோபப்பட்டால் அது நோய், அவர் கோபப்பட்டால் அது நிர்வாகம். இந்த அநியாயத்தை அவருக்குப் புரியவைக்க ஆரம்பித்தேன். கடகடவென்று பேசினேன். செல்வம் முகம் மாறியது. அப்புறம்தான் என் காதிலேயே விழுந்தது, நான் பேசிக்கொண்டிருந்தது மராத்தி. நிறுத்தமில்லாமல், அழகான மராத்தி.

அதற்கு முந்தின ராத்திரி ஐந்து மணி நேரம்தான் தூங்கியிருந்தேன். அதற்கு முந்தின ராத்திரியும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் கல்யாணத்து பேண்டு வாத்தியம் என்று நானும் கோமதியும் அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. இப்போது என் காதை நானே நம்பலாமா? சீட்டை அவிழ்த்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. எனக்கும்கூட. கை சீட்டுக்குப் போனது என்பதை மறைக்கப் போவதில்லை.

"செல்வம், நான் சரியா இருக்கேனா? பாத்துச் சொல்லு."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. "மாலும் இல்லை, தெரியலை சார். மராத்தி ஏக்தம் ஜாஸ்தியா வருது. பயமா இருக்கு."

மேலாளர், "அப்போ சீட்டை அவிழ்த்துடலாம். வண்டி கிளம்பட்டும்" என்றார்.

பர்வே மேடம் அதுவரை பின்னால் நின்றிருந்தார். முன்னால் வந்தார். "அண்ணாவை அப்புறம் பார்க்கலாம். முதல்ல பீஸைக் கொடுங்க" என்றார். மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சார், ஹோல்டு சீட்டை யாரு கட்டினாலும் அளக்காம அவிழ்க்கக் கூடாது. பைத்தியம் கட்டினாலும்" என்று சேர்த்துக்கொண்டார். எனக்கு ஆதரவாகப் பேசுகிறாரா எதிராகப் பேசுகிறாரா என்று சுற்றி நின்ற யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. ஆனா எல்லாம் நல்லா இருந்துச்சுன்னா, இந்த ஆலையில இவர் இனிமே எதிலயும் கையெழுத்துப் போட வேண்டாம்." எல்லார் முன்னாலும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

மேடம் ஆறு பிராக்கெட் எடுத்தார். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, செல்வத்தை அவற்றைக் கலைத்து அடியில் சாக்கட்டியால் எண் போடச் சொன்னார். பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டும்படி என்னிடம் சொன்னார். ஆலையே கூடி நிற்க, கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு இரும்பைத் தட்டிக்கொண்டிருந்த அந்தக் கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வரிசையில் இரண்டும் ஐந்தும் மொத்தென்றன. எழுதிக் கொடுத்தேன். ஆறையும் வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்க்க எடுத்துப்போனார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கேன்டீனுக்குப் போய்க் கோமதிக்கு ஃபோன் பண்ணினேன். நடந்ததைச் சொன்னேன். "உண்மையச் சொல்லு. நான் மேலே போறேனா?"

"தெரியலியே. ஆனா நேத்து கொறட்ட விட்டீங்க. மேல போகுத நாள்ல நீங்க கொறட்ட விடமாட்டீங்க. பேண்டு வாத்தியத்தத் தாண்டில்லா கேட்டுச்சு." பிறகு, "என்னவா இருந்தாலும் சாய்ந்திரம் டாக்டர்ட்ட போயிருவோம். இப்ப சாயக் குடிங்க" என்றாள். சாயைக் குடித்தேன். வேலை போனால் போகட்டும் என்று தோன்றவில்லை. போகக் கூடாது, போகக் கூடாது என்றுதான் ஒவ்வொரு வாய்க்கும் வேண்டிக்கொண்டேன்.

மேடம் வந்து மேலாளரை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். நல்ல வார்ப்பில் இரும்புக்குள் கரி உருண்டை உருண்டையாக இருக்கும். இரண்டிலும் ஐந்திலும் புழு மாதிரி நீண்டு கிடந்தது. அடி தாங்காத இரும்பு. "நாலாவதும் சரியில்லை. அதை அண்ணா நல்லதுன்னு எழுதிட்டார்" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார். மூன்றில் இரண்டு. என் காதின் முழு லட்சணமும் அதுதான்.

மேலாளர் மன்னிப்புக் கேட்கவில்லை. நிமிர்ந்து, "முந்நூறையும் நிறுத்துங்க. வாடிக்கையாளர்கிட்ட நான் பேசுறேன்" என்றார். பேசவும் பேசினார், திட்டையும் தானே வாங்கிக்கொண்டார். அதற்கு ஒரு தைரியம் வேண்டும். சிவப்புச் சீட்டில் என் பெயருக்குக் கீழே மேடம் கையெழுத்துப் போட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் மைக் முன்னாலேயே சொல்லியிருப்பேன். சாயங்காலம் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். மாத்திரையை விடாமல் போட்டும், மருந்து கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. நான் மேலே போக ஆரம்பித்திருந்தேன். கோமதியின் குறட்டை ஆராய்ச்சியைச் சொன்னதும், "அது எங்க புத்தகத்துல இல்லையே" என்றார். ஆக அன்றைக்கு பீஸும் பழுது, நானும் பழுது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ஒன்றை வைத்து இன்னொன்றைத் தீர்மானித்திருந்தால், ஏதோ ஒரு லாரி மலையிலிருந்து விழுந்திருக்கும், இல்லாவிட்டால் நான் விழுந்திருப்பேன். உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். சீட்டைக் கட்டினவன் முகத்தைப் பார்க்காதீர்கள், பீஸை அளங்கள். பிறகு அந்த ஆளையும் விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள். உங்களில் யாருக்காவது என் மாதிரி இருந்தால் என்னிடம் வாருங்கள், சனிக்கிழமை இன்னும் நடக்கிறது. முதல் நாள் ஏழு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மூன்று வாரம் விடுப்பு எடுத்தேன். இந்தத் தடவை ஆஸ்பத்திரி இல்லை, வீடுதான். திரும்பிப் போன அன்று பஸ்ஸில் செல்வம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். கையெழுத்து போய்விட்டது, சொல்லத் தயங்குகிறான் என்று முடிவு கட்டினேன். பிரிவுக்குள் நுழைந்தால் என் நாற்காலியின் கையில் ஒரு சிவப்புச் சீட்டு தொங்கியது. கிட்டப் போய்ப் படித்தேன். செல்வத்தின் கோணல் எழுத்து. பொருள்: நாற்காலி. காரணம்: ஆள் வரணும். மூன்று வாரமாக யாரையும் அதில் உட்கார விடவில்லையாம். மேலாளர்கூட ஒரு நாள் உட்காரப் போய், சீட்டைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனாராம்.

பர்வே மேடம் தன் அறையிலிருந்து வந்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், கருவியைப் பார்க்கிற மாதிரியே. பிறகு "நாற்காலி" என்பதை அடித்துவிட்டு "அண்ணா" என்று எழுதினார். மூன்று கட்டத்தில் மூன்றாவதில் குறி போட்டார். விலகலோடு ஏற்கலாம். கையெழுத்தும் போட்டார். பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"இரண்டாவது கையெழுத்து நீங்கதான் போடணும்."

எனக்குக் கண் மறைத்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் சீட்டை ஆராய்ந்தேன், ஆய்வுக்காரன் புத்தி போகுமா? எதுவரை செல்லும் என்ற கட்டம் காலியாக இருந்தது.

"மேடம், இதை நிரப்பலையே. விதிப்படி இது செல்லாது."

"அப்ப ஹோல்டு போட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்றார்.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.